கையெழுத்துக்கு முன்: ‘விடுதலை’ யாருக்கு?

சார் பதிவாளர் அலுவலக வாசலில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்ற வார்த்தை புதிதாக இருக்காது. அப்பா விட்டுப்போன வீட்டில் தனக்குள்ள பங்கை, தங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருவது. பத்திர எழுத்தர் வேகமாகப் படிப்பார். தங்கை கையெழுத்துப் போட்டு, விரல் ரேகை வைப்பார். வெளியே வந்ததும் அண்ணன் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கித் தருவார். பெயரில் விடுதலை இருக்கிறது. ஆனால், கையெழுத்துப் போட்டவருக்கு எதிலிருந்தும் விடுதலை கிடைப்பதில்லை. அவருடைய உரிமையிலிருந்து அண்ணனுக்குத்தான் விடுதலை!

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தப் பத்திரத்தின் ஒன்றுவிட்ட உறவு. இது பதிவு அலுவலகத்துக்கு வருவதில்லை. ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ‘ஜெனரல் ரிலீஸ்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். சொத்துப் பங்குக்குப் பதிலாக, ‘கம்பெனிமீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, இனி எதுவும் கேட்கமாட்டேன்’ என்று எழுதித் தருவது. டீக்கடை, ஐஸ்க்ரீம் பார்லர், ப்ளே ஸ்கூல், அழகு நிலையம், ரத்தப் பரிசோதனை மையம் என்று நம் தெருவில் பாதிக் கடைகள் ஃபிரான்சைஸாக இருக்கும் காலம் இது. நகையை அடகு வைத்து அதை எடுத்து நடத்துவது பெரும்பாலும் நம் வீட்டு ஆட்கள்தான். அதனால் குடும்பப் பத்திரிகையில் இதை எழுதத் தயங்கவில்லை.

போன மாதம் ஒரு மதியம். கோவைக்குப் பக்கத்தில் ப்ளே ஸ்கூல் நடத்தும் ஒரு டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார். (ஊர், தொகை போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐந்து வருட ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து 34 பக்கங்கள் மெயிலில் வந்திருக்கின்றன.

“சும்மா ரினியூவல் பேப்பருங்க மேடம். மூணு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்றாங்க. நீங்க ஒரு பார்வை பார்த்துட்டீங்கன்னா போதும்.”

29-ம் பக்கத்தில் இருந்தது அந்த ஷரத்து. ஒரே வாக்கியம், பதினோரு வரிகள். அதைத் தமிழில் அவிழ்த்தால் இப்படி வரும்: புதுப்பித்துத் தருவதற்கு ஈடாக, ஃபிரான்சைஸ் எடுத்தவரும், அவர் வாரிசுகளும், ஜாமீன்தாரரும், கம்பெனியையும் அதன் இயக்குநர்கள், ஊழியர்கள், துணை நிறுவனங்களையும், இன்றுவரை எழுந்த, தெரிந்த, தெரியாத எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் முழுமையாக விடுவிக்கிறார்கள்.

“கம்பெனி உங்களுக்கு ஏதாவது தரவேண்டியது இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமே இல்லீங்க மேடம்.”

இந்தக் கேள்விக்கு முதல் பதில் எப்போதும் இதுதான். நாங்கள் இருவரும் காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு தாள் நிறைந்துவிட்டது. முதல் வருடம் 62 குழந்தைகளுக்குப் புத்தகப் பெட்டி வாங்கப் பணம் கட்டியிருக்கிறார். வந்தது 50 பெட்டி. மீதி 12 பெட்டி, தலா 3,200 ரூபாய். 38,400 ரூபாய் நிற்கிறது. ஆரம்பத்தில் கொடுத்த டெபாசிட் ஒன்றரை லட்சம். புதிய ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. விளம்பர நிதி என்று கட்டண வசூலில் 2 சதவிகிதம் ஐந்து வருடமாகப் போகிறது. கணக்கு ஒருமுறைகூட வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று கிலோமீட்டருக்குள் வேறு கிளை திறக்கமாட்டோம் என்று பழைய ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறது. போன ஜூனில் 1.8 கிலோமீட்டரில் திறந்துவிட்டார்கள். இவர் பள்ளியில் 62 ஆக இருந்த சேர்க்கை 41 ஆனது.

“அதெல்லாம் அவங்ககிட்ட வாயால சொல்லிட்டேன் மேடம். பார்க்கிறோம்னு சொல்லியிருக்காங்க.”

29-ம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர்கள் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும் என்று சொன்னபோதுதான் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

கம்பெனியை வில்லனாக்குவது என் நோக்கமில்லை. நூறு கிளை நடத்துகிறவர்களுக்கு, புதிய கணக்கு தொடங்கும்போது பழைய கணக்கு முடிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளும் தேவை நியாயமானது. அந்த உறுதியைக் கேட்பதில் தப்பில்லை. அதை ஒருதலையாக, விலையே பேசாமல், மூன்று மணிக்குள் கேட்பதுதான் தப்பு. ரிலீஸ் என்பது நீங்கள் கொடுக்கும் ஒரு பொருள். டீச்சரின் தாளைக் கூட்டிப் பார்த்தால் சேர்க்கை நஷ்டத்தை விட்டுவிட்டாலும், கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய். ஐந்து வருடப் புதுப்பித்தல் கட்டணம் கட்டியதோடு, அந்த இரண்டு லட்சத்தையும் இவர் சேர்த்துக் கட்டப் பார்த்தார், தெரியாமல்.

இந்த ஷரத்து எங்கிருந்து வந்தது? ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களின் பெரும்பகுதி அமெரிக்க மாதிரியை வைத்து எழுதப்பட்டவை. நியூயார்க்கில் காலம்காலமாகப் புழங்கும் ரிலீஸ் படிவத்தில் ‘உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை’ எழுந்த கோரிக்கைகள் அனைத்தும் என்றே இருக்கும். ஆதாம் ஏவாள் காலத்துப் பாக்கியையும் விட்டுவைக்கக் கூடாதாம்! ஆனால், அந்த ஷரத்து புழங்கும் அதே நாட்டிலேயே அதற்குக் கடிவாளமும் உண்டு. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேடு கமிஷனின் ஃபிரான்சைஸ் விதி 1979 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கையெழுத்துப் போடுவதற்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பே, 23 தலைப்புகள் கொண்ட விவர அறிக்கையைக் கையில் கொடுத்துவிட வேண்டும். புதுப்பிக்க என்ன நிபந்தனை, மாற்றிக்கொடுக்க என்ன நிபந்தனை என்பது அதில் ஒரு தனி அட்டவணை. ரிலீஸ் கேட்பார்கள் என்றால் அது அங்கேயே தெரிந்துவிடும்.

கலிஃபோர்னியாவின் சிவில் சட்டத்தில் 1542 என்று ஒரு பிரிவு. கையெழுத்துப் போடும் நேரத்தில் உங்களுக்குத் தெரியாத, சந்தேகம்கூட வந்திராத ஒரு கோரிக்கையை, பொதுவான ரிலீஸ் தொடாது என்கிறது அது. (உடனே அங்குள்ள வழக்கறிஞர்கள் என்ன செய்தார்கள்? ‘1542-ன் பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று இன்னொரு வரி சேர்த்துவிட்டார்கள். எங்கள் தொழில் அப்படி.) வாஷிங்டன் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்குள்ள ஃபிரான்சைஸ் சட்டம் தரும் உரிமைகளை ரிலீஸ் எழுதி வாங்கிப் பறிக்க முடியாது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, இரு தரப்பும் தனித்தனி வழக்கறிஞர் வைத்துப் பேசி முடித்த சமரசமாக இருந்தால்தான் செல்லும்.

நம் நாட்டில்? ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 14 நாள் அவகாசம் இல்லை, விவர அறிக்கை இல்லை. அமெரிக்கப் படிவத்தின் ஷரத்து மட்டும் விமானம் ஏறி வந்துவிட்டது, கடிவாளம் வரவில்லை. நம் கையில் இருப்பது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம். தற்செயலாக, கலிஃபோர்னியாவின் அந்த சிவில் சட்டமும் இதே 1872-ல் பிறந்ததுதான். இரட்டைக் குழந்தைகள், ஆனால் குணம் வேறு.

நம் சட்டத்தின் 63-வது பிரிவு, தனக்கு வரவேண்டியதை ஒருவர் முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. அதற்குச் சட்டப் புத்தகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் 5,000 ரூபாய் தரவேண்டும். 2,000 ரூபாய் கொடுக்கிறார். மொத்தக் கடனும் தீர்ந்ததாக மற்றவர் ஏற்றுக்கொள்கிறார். அவ்வளவுதான், 5,000-மும் தீர்ந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில், விட்டுக்கொடுத்ததற்கு எதிர்ப்பலனாக நீ என்ன பெற்றாய் என்று கேட்பார்கள். நம் 63-வது பிரிவில் அந்தக் கேள்வியே தேவையில்லை. சும்மா விட்டுக்கொடுத்தாலும் கொடுத்ததுதான். ‘எனக்கு ஒரு பைசாகூடத் தராமல் எழுதி வாங்கிக்கொண்டார்கள், அதனால் செல்லாது’ என்று வருகிறவர்களிடம் நான் வருத்தத்தோடு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஏழை - பணக்காரன், பெரிய கம்பெனி - சின்னக் கடை என்ற வாதம்? 1986-ல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பேரம் பேசும் பலமே இல்லாதவர்மீது சுமத்தப்பட்ட அநியாயமான ஷரத்தைச் செல்லாது என்றது. ஊழியரைக் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு அனுப்பும் விதி அது. ஆனால், அதே தீர்ப்பிலேயே, இரு தரப்பும் வியாபாரிகளாக இருந்து, அது வியாபார ஒப்பந்தமாக இருந்தால் இந்தக் கொள்கை பொருந்தாமல் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நாலு மேஜை போட்டு டீ விற்பவரும் சட்டத்தின் கண்ணில் வியாபாரிதான். நீங்கள் படித்துப் பார்த்துப் போட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் போட்ட கையெழுத்து போட்டதுதானா? இல்லை. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யான தகவல் - இவற்றால் வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் இல்லை என்கிறது அதே சட்டம். அப்படி வாங்கிய ரிலீஸை, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யக் கேட்கலாம். ஒருவரின் பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக்கொண்டு எழுதி வாங்குவதையும் 15-வது பிரிவு வற்புறுத்தல் என்றே வகைப்படுத்துகிறது. டெபாசிட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘கையெழுத்துப் போட்டால் தருகிறோம்’ என்பதை இதற்குள் கொண்டுவர முடியுமா? வாதாடலாம். சட்டவிரோதமாகப் பிடித்தார்களா, ஒப்பந்தம் கொடுத்த உரிமையின்படி பிடித்தார்களா என்பதுதான் முதல் சண்டையாக இருக்கும்.

இங்கேதான் அந்த டீக்கடைத் தம்பியின் கதையைச் சொல்லவேண்டும்.

திருப்பூர்ப் பக்கம். ஆறு லட்சம் போட்டு ஒரு பிராண்டின் டீக்கடையை எடுத்தார். தினமும் இத்தனை கப் போகும் என்று சொன்னார்கள், அதில் பாதிகூடப் போகவில்லை. பதினான்காவது மாதம் கடையை மூடினார். ஒன்றரை லட்சம் டெபாசிட் கம்பெனியிடம். கட்டட உரிமையாளர் வாடகை பாக்கிக்காகக் கடைக்குள் இருக்கும் பாய்லரையும் ஃப்ரிட்ஜையும் எடுக்க விடவில்லை. அந்த நேரத்தில் கம்பெனியின் ஏரியா மேனேஜர் ஒரு தாளோடு வந்திருக்கிறார். தலைப்பு, ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’. அறுபதாயிரம் தருவார்கள். இனி எந்தப் பாக்கியும் இல்லை, எந்தக் கோரிக்கையும் இல்லை. இவர் போட்டுவிட்டார். என்னிடம் வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

“போடறப்ப படிச்சியா தம்பி?”

“படிச்சேனுங்க்கா. வேற வழி தெரியலைங்க்கா. சாயங்காலத்துக்குள்ள வாடகை கட்டலைன்னா ஃப்ரிட்ஜைக் கொடுக்கமாட்டேன்னுட்டாரு.”

“கையெழுத்துப் போட்டப்புறம் யாருக்காவது எதாவது எழுதினியா? மெயில், மெசேஜ்?”

இந்தக் கேள்வியை நான் கேட்டதற்குக் காரணம் இரண்டு தீர்ப்புகள். இரண்டுமே காப்பீட்டு வழக்குகள். ஃபிரான்சைஸ் இல்லையென்றாலும், ‘முழுவதும் தீர்ந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்பது பற்றி நம் நாட்டில் எந்த வழக்கறிஞரும் முதலில் எடுப்பது இவற்றைத்தான். 2008-ல் போகாரா பாலிஃபேப் வழக்கு. வெள்ளத்தில் சரக்கு நாசமான ஒரு நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் நீட்டிய தீர்வுச் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்ற நிலையில் போட்டது. பணக் கஷ்டத்தில் இருப்பவரிடம், ஒப்புக்கொண்ட தொகையைக்கூட நிறுத்தி வைத்து எழுதி வாங்கிய சீட்டு, வழக்கை அடைத்துவிடாது, அது மனமுவந்து கொடுத்ததா என்று விசாரிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். கேட்கவே இதமாக இருக்கிறது இல்லையா?

அடுத்தது, ஜீனஸ் பவர் வழக்கு. இதுவும் அதே கதைதான். ஆனால், கையெழுத்துப் போட்ட பிறகு அந்த நிறுவனம் கிட்டத்தட்ட மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. வற்புறுத்தினார்கள் என்று பிற்பாடு சொன்னபோது, எப்படி, எந்த விதத்தில் என்ற விவரமும் இல்லை. அது மனமுவந்து கொடுத்த தீர்வுதான் என்று முடித்துவிட்டது நீதிமன்றம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு, அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதோடு நிற்கவில்லை. அந்த அழுத்தத்தை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு விவரமாகச் சொன்னார்கள் என்பதும் சேர்ந்திருக்கிறது.

தம்பி யோசித்தார். “மெயில் எல்லாம் இல்லீங்க்கா. அன்னைக்கு ராத்திரி ஏரியா மேனேஜருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கோவத்துல.”

“என்னன்னு?”

“இப்படி ஃப்ரிட்ஜைக் காட்டி எழுதி வாங்கறீங்களே, ஒன்றரை லட்சத்துக்கு அறுபதாயிரம் கொடுத்துட்டு எல்லாம் முடிஞ்சதுன்னு நான் எப்ப ஒத்துக்கிட்டேன்னு... கொஞ்சம் கெட்ட வார்த்தையும் இருக்குங்க்கா.”

“அந்த போன் எங்கே?”

“டிஸ்பிளே போயிருச்சுங்க. தங்கச்சிகிட்ட ட்ராயர்ல கிடக்கும்.”

எட்டு மாதமாக ட்ராயரில் கிடந்த அந்த உடைந்த போன்தான் இப்போது அவர் வழக்கின் முதுகெலும்பு. டிஸ்பிளே மாற்றி, மெசேஜை அழிக்காமல், போனை விற்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின்படி, போனில் இருக்கும் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க அதற்குரிய சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். கம்பெனி பேசிப் பார்க்கலாம் என்கிறது. ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று வருடம்தான் காலக்கெடு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது என்றும் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொன்னேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை. ரிலீஸை ரத்து செய்யக் கேட்டால், அதன்மூலம் வாங்கிய அறுபதாயிரத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டும். அதையும் வைத்துக்கொண்டு இதையும் கேட்க முடியாது.

இந்த மாதிரி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போகும். ‘எல்லாம் தீர்ந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார், அதனால் நடுவரிடம் போகும் உரிமையும் போய்விட்டது’ என்று கம்பெனிகள் சொல்வது வழக்கம். 2024 ஜூலையில் கிரிஷ் ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தீர்ந்ததா, தீரவில்லையா என்பதே ஒரு தகராறு, அதையும் நடுவர்தான் பார்க்கவேண்டும் என்றது. ரிலீஸில் கையெழுத்துப் போட்டதால் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

திரும்ப டீச்சரிடம் வருவோம். அவருக்கு இருந்த சிக்கல் வேறு மாதிரி. ஐந்து வருடத்துக்கு முன் போட்ட முதல் ஒப்பந்தத்திலேயே, ‘புதுப்பிக்கும்போது கம்பெனி தரும் படிவத்தில் ரிலீஸ் எழுதித் தரவேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. அதாவது, கழுத்தை நீட்டுவதாக அன்றைக்கே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மாட்டேன் என்று சொன்னால், புதுப்பிக்கமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. ஃபிரான்சைஸ் எடுக்கலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், ராயல்டி சதவிகிதம் இருக்கும் பக்கத்தை மட்டும் பார்க்காமல், புதுப்பித்தல், கைமாற்றுதல், முடித்துக்கொள்ளுதல் என்ற மூன்று தலைப்புகளுக்குக் கீழே ‘ரிலீஸ்’ என்ற வார்த்தை எங்கெங்கே வருகிறது என்று ஒரு பேனாவால் வட்டம் போட்டுப் பாருங்கள். பேரம் பேச உங்களுக்குப் பலம் இருக்கும் ஒரே நாள், நீங்கள் இன்னும் பணம் கட்டாத நாள்தான்.

சிலசமயம் ரிலீஸ் அந்தப் பெயரில்கூட வராது. வருடக் கடைசியில் ‘கணக்கு உறுதிக் கடிதம்’ என்று ஒரு தாள் வரும். பாக்கி பூஜ்யம் என்று அச்சடித்திருக்கும், சீல் போட்டு அனுப்பச் சொல்வார்கள். ‘நோ டியூஸ்’ சான்றிதழ் தருகிறோம், நீங்களும் ஒன்று தாருங்கள் என்பார்கள். ஸ்கீம் தள்ளுபடி வாங்க ஒரு படிவம் வரும், அடியில் பொடி எழுத்தில் இதே வாசகம். தலைப்பைப் பார்க்காதீர்கள், ‘எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற சொற்களைத் தேடுங்கள்.

டீச்சரின் ஷரத்தில் நான் சிவப்பு மையால் செய்த திருத்தங்கள் நாலைந்துதான். முதலில், விடுவிப்பவர் பட்டியலில் இருந்த ஜாமீன்தாரர். அது அவர் கணவர். ஒரு பள்ளியும் நடத்தாத மனிதர் எதற்கு விட்டுக்கொடுக்கவேண்டும்? சரி, அவர் விடுவித்தே ஆகவேண்டும் என்றால், அவருடைய பழைய ஜாமீனிலிருந்து கம்பெனியும் அவரை விடுவிக்கட்டும். அதாவது, ரிலீஸ் இரு பக்கமும் ஓடவேண்டும். டீச்சர் கம்பெனியை விடுவித்தால், கம்பெனியும் டீச்சரை விடுவிக்கவேண்டும். இல்லையென்றால், இவர் வாயை மூடிக்கொண்ட பிறகு, மூன்று வருடத்துக்கு முந்தைய ராயல்டியில் குறைவு இருக்கிறது என்று ஒரு நோட்டீஸ் வரும்.

பிறகு, ‘இவை நீங்கலாக’ என்று ஒரு பட்டியல். டெபாசிட், 12 பெட்டிக்கான பணம், எல்லை மீறித் திறந்த கிளை. ஒவ்வொன்றையும் தொகையோடு, தேதியோடு எழுதினோம். பொதுவாக ‘நியாயமான பாக்கிகள் நீங்கலாக’ என்று எழுதுவதில் பயனில்லை, எது நியாயம் என்பதில்தானே தகராறு. பொருள் வாங்கி விற்கும் கடைகளாக இருந்தால், திருப்பி அனுப்பிய சரக்கு, வரவேண்டிய இன்சென்டிவ், கம்பெனி ஜிஎஸ்டி கணக்கில் ஏற்றாததால் நின்றுபோன உள்ளீட்டு வரி - இவையும் அந்தப் பட்டியலில் வரவேண்டும்.

‘தெரியாத கோரிக்கைகள்’ என்ற சொல்லில்தான் அதிக நேரம் செலவழித்தோம். தெரியாததை எப்படி விட்டுக்கொடுப்பது என்று டீச்சருக்குப் புரியவில்லை. பள்ளியில் சறுக்கு மரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, கம்பெனி சொன்ன கடையிலிருந்துதான் வாங்கவேண்டும் என்பது விதி. அதன் அடியில் ஒரு போல்ட் ஆரம்பத்திலிருந்தே மட்டமானது என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு குழந்தை விழுந்து, பெற்றோர் டீச்சர்மீது வழக்குப் போடுகிறார்கள். டீச்சர் கம்பெனியிடம் திரும்பி, ‘நீங்கள் சொன்ன இடத்தில் வாங்கியதால்தானே’ என்று கேட்டால், அந்தத் தவறு பழைய ஒப்பந்தக் காலத்தது, தெரியாத கோரிக்கை, அதையும் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று 29-ம் பக்கத்தைக் காட்டுவார்கள். நமக்கு 1542-வது பிரிவு போல ஒன்று இல்லாததால், அந்த ஒரு சொல்லை நாமே வெட்டவேண்டியிருக்கிறது. வெட்ட விடவில்லை என்றால், குழந்தைகளுக்கு ஏற்படும் காயம், மூன்றாம் நபர் தொடுக்கும் வழக்கு ஆகியவை நீங்கலாக என்றாவது சேர்க்கவேண்டும்.

இன்னொரு சொல், ‘இனிமேலும்’. சில படிவங்களில் ‘இன்றுவரை’ என்பதோடு ‘இனிமேலும் எழக்கூடிய’ கோரிக்கைகளையும் சேர்த்துவிடுவார்கள். நாளைக்கு நடக்கப்போகும் தவறுக்கு இன்றைக்கே, எந்த வழக்கும் தொடுக்கமாட்டேன் என்று எழுதி வாங்குவது வேறு ரகம். உரிமைக்காக நீதிமன்றம் போவதையே முழுதாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு. அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஆனாலும், நிற்காது என்று நிரூபிக்க நாம் நாலு வருடம் அலையவேண்டும். இப்போதே அடித்துவிடுவது சுலபம்.

மூணு மணிக் கெடு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. ‘வழக்கறிஞர் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு வாரம் வேண்டும்’ என்று டீச்சர் ஒரு வரி மெயில் அனுப்பினார். பத்து நிமிடத்தில் ‘ஓகே மேம்’ என்று பதில் வந்தது. கெடு வைப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கெடுவைப் பற்றி உங்கள் அளவுக்குக் கவலை கிடையாது.

ஒருவேளை அவகாசமே தரவில்லை, அன்றைக்கே போட்டால்தான் ஆயிற்று என்றால்? கையெழுத்துக்கு மேலே ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, ஆட்சேபத்துடன்’ என்று கைப்பட எழுதிப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால், வெளியே வந்த உடனே, அன்றைக்கே, என்ன நெருக்கடியில் போட்டீர்கள், எவ்வளவு பாக்கி இருக்கும்போது போட்டீர்கள் என்று ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். தம்பியைப் போல் கெட்ட வார்த்தை சேர்க்கவேண்டியதில்லை.

கம்பெனியிடமிருந்து பன்னிரண்டாவது நாள் பதில் வந்தது. ரிலீஸ் இருபக்கமும் ஓடச் சம்மதம். டெபாசிட், பெட்டிப் பணம் இரண்டும் ‘நீங்கலாக’ பட்டியலில் நிற்கும். மூன்றாம் நபர் வழக்கும் நிற்கும். 1.8 கிலோமீட்டர் கிளையைப் பற்றி மட்டும் பிடிவாதம். அந்த உரிமையை விட்டுக்கொடுத்தால், ஒரு வருடத்துக்கு ராயல்டியில் 2 சதவிகிதம் குறைக்கிறோம் என்றார்கள். வழக்குப் போட்டால் என்ன கிடைக்கும், எத்தனை வருடம் ஆகும் என்று என்னால் முடிந்ததைச் சொன்னேன். முடிவு அவருடையது என்றும் சொன்னேன். இரண்டு நாள் வீட்டில் பேசிவிட்டு வந்தார். “அந்தக் கிளை டீச்சரும் பாவம், நகையை வெச்சுத்தானுங்க ஆரம்பிச்சிருக்காங்க” என்றார். குறைப்பை இரண்டு வருடமாகக் கேட்டோம், ஒன்றரைக்கு வந்தார்கள். கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை 34 பக்கங்களையும் படித்த பிறகுதான் போட்டார். சறுக்கு மரத்தின் போல்ட்டுகளை உள்ளூர் வெல்டரை வைத்து அவரே மாற்றிவிட்டார். அந்த பில்லை ஒப்பந்தத்தோடு சேர்த்து ஃபைலில் வைத்திருக்கிறார்.